பழைய ஆட்டங்களை மட்டும் காட்டும் சேனல்: புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய விளையாட்டு ஒளிபரப்புகளை மட்டுமே காட்டும் சேனலுக்கு முதன்முறையாக வருபவர்களில் பலர் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. படம் மங்கலாக இருக்கிறது. திரையின் மூலையில் ஸ்கோரைக் காணோம். எது எந்த அணி என்பதே பிடிபடவில்லை. போதாக்குறைக்கு, முடிவு ஊர் உலகத்துக்கே தெரிந்தது. ரிமோட்டை எடுத்து வேறு எங்காவது போய்விடுகிறார்கள். சேனலைக் குறை சொல்லிப் பயனில்லை. நேரடி ஒளிபரப்புக்குப் பழகிய கண்ணோடும் காதோடும் பழைய ஆட்டத்தின் முன் உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும். சில முன்னேற்பாடுகளைச் செய்துகொண்டால் அதே ஆட்டம் வேறு மாதிரித் தெரியும். அந்த முன்னேற்பாடுகளைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், முழு ஆட்டமா என்று பாருங்கள்

இத்தகைய சேனல்கள் மூன்று வகைச் சரக்கைக் காட்டுகின்றன. அன்று ஒளிபரப்பானபடியே முழு ஆட்டம் ஒன்று. வெட்டிச் சுருக்கிய ஆட்டம் இன்னொன்று. பழைய காட்சிகளுக்கு நடுவே இன்றைய பேட்டிகளைச் செருகிய ஆவணப்படம் மூன்றாவது. நிகழ்ச்சி நிரலில் மூன்றுக்கும் ஒரே மாதிரிப் பெயர்தான் போடுவார்கள். ஒதுக்கியிருக்கும் நேரத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கால்பந்து ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் பெரும்பாலும் முழு ஆட்டம். ஒரு மணி நேரம் என்றால் கத்தரி விழுந்திருக்கிறது. அரை மணி நேரம் என்றால் ஹைலைட்ஸ். ஒருநாள் கிரிக்கெட்டை முழுசாகக் காட்ட ஏழெட்டு மணி நேரம் வேண்டும் என்பதால், அங்கே வெட்டு இல்லாமல் கிடைப்பது அபூர்வம்.

தொடக்கக்காரர்கள் ஹைலைட்ஸைத்தான் முதலில் தேடுவார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன்: முதல் ஆட்டமே முழு ஆட்டமாக இருக்கட்டும். 1986 ஜூன் 22 அன்று மெக்சிகோவின் அஸ்டெகா மைதானத்தில் அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதிய உலகக் கோப்பைக் காலிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மரடோனா கையால் தட்டிவிட்ட கோலையும், நான்கு நிமிடம் கழித்துப் பாதி மைதானத்தைக் கடந்துபோய் அடித்த கோலையும் பார்க்காத கால்பந்து ரசிகர் இருக்க முடியாது. ஆனால் அந்த ஆட்டத்தை முழுசாகப் பார்த்தவர்கள் குறைவு.

முழுசாகப் பார்த்தால் என்ன தெரியும்? முதல் பாதியில் கோலே இல்லை. இரு அணிகளும் நடுப்பகல் வெயிலில் ஒன்றையொன்று அளந்து பார்த்துக்கொண்டு நின்றன. 51ஆவது நிமிடத்தில் அந்தப் பந்தை மேலே எழுப்பியது இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜின் கால். எதிரணி வீரரிடமிருந்து வந்த பந்து என்பதால் ஆஃப்சைடுக்கு வேலையே இல்லை. பிபிசி வர்ணனையாளர் பேரி டேவிஸ், இங்கிலாந்து வீரர்கள் ஆஃப்சைடு கேட்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். கை பட்டது ஒரு நொடியில் உலகுக்கே தெரிந்துவிட்டதாக இன்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அன்றைய ஒளிபரப்பில் அது மெதுவாகத்தான் வெளிச்சத்துக்கு வருகிறது. கடைசிப் பதினைந்து நிமிடம் இன்னொரு கதை. 74ஆவது நிமிடத்தில் இங்கிலாந்தின் மாற்று வீரராக வந்த ஜான் பார்ன்ஸ் இடது ஓரத்தில் புகுந்து புறப்பட்டார். 81ஆவது நிமிடத்தில் அவர் தூக்கிக் கொடுத்த பந்தைச் சக வீரர் லினேகர் தலையால் முட்டிக் கோலாக்கினார். சில நிமிடம் கழித்து அச்சு அசலாக அதே மாதிரி இன்னொரு பந்து வந்தது. லினேகருக்கும் அதற்கும் இடையே அர்ஜென்டினாவின் ஓலார்ட்டிகோச்சியா தலையைக் கொடுத்துக் காப்பாற்றினார். ஆட்டம் சமனாவதற்கு மயிரிழைதான் மிச்சம் இருந்தது. ஹைலைட்ஸில் இதற்கு இடமே கிடைப்பதில்லை.

சேனல் எங்கே கிடைக்கும்?

பழைய ஆட்டங்களுக்கு மட்டுமே தனிச் சேனல் என்ற எண்ணத்தைப் பரவலாக்கியது அமெரிக்காவில் 1995இல் தொடங்கிய கிளாசிக் ஸ்போர்ட்ஸ் நெட்வொர்க். இரண்டே ஆண்டில் ஈஎஸ்பிஎன் அதை வாங்கி, பிறகு ஈஎஸ்பிஎன் கிளாசிக் என்று பெயர் மாற்றியது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் அதே பெயரில் சேனல்கள் வந்தன. அமெரிக்கச் சேனல் 2021 டிசம்பர் இறுதியில் மூடப்பட்டது. காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமில்லை. ஆட்டத்தைப் படம் பிடித்தவர் ஒருவர், உரிமை வைத்திருப்பவர் இன்னொருவர். ஒவ்வொரு மறு ஒளிபரப்புக்கும் உரிமைத் தொகை கொடுக்க வேண்டும். லீக்குகளும் கிளப்புகளும் தங்கள் பழைய ஆட்டங்களைத் தாங்களே காட்ட ஆரம்பித்தபின் பொதுச் சேனலுக்குச் சரக்கு கிடைப்பது குறைந்தது.

ஆகவே புதிதாகத் தேடுபவர்கள், பழைய ஆட்டங்களுக்கென்றே இருக்கும் ஒரு சேனலை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மூன்று இடங்களில் பாருங்கள். ஒன்று, லீக்குகளின் சொந்தச் சேனல்கள். அமெரிக்க பேஸ்பாலுக்கு 2009இல் வந்த எம்எல்பி நெட்வொர்க் ஓர் உதாரணம். இரண்டு, மான்செஸ்டர் யுனைடெட்டின் எம்யுடிவி போன்ற கிளப் சேனல்கள். மூன்று, விளையாட்டு அமைப்புகளே நடத்தும் இணையத் தளங்கள். ஃபிஃபா 2022இல் தொடங்கிய ஃபிஃபா பிளஸ்ஸில் உலகக் கோப்பைகளின் பழைய ஆட்டங்கள் இடம்பெற்றன. வழக்கமான விளையாட்டுச் சேனல்களும் நேரடிப் போட்டி இல்லாத நள்ளிரவு, முற்பகல் நேரங்களைப் பழைய ஆட்டங்களால்தான் நிரப்புகின்றன. 2020இல் உலகம் முழுக்க மைதானங்கள் மூடிக்கிடந்தபோது எல்லா விளையாட்டுச் சேனல்களும் சில மாதங்களுக்குப் பழைய ஆட்டச் சேனல்களாகவே மாறின என்பது நினைவிருக்கும்.

நிகழ்ச்சி நிரலைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நிரலில் இருக்கும் தேதி மறு ஒளிபரப்பின் தேதி. ஆட்டம் நடந்த ஆண்டு தலைப்பிலோ குறிப்பிலோ ஒளிந்திருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. இறுதிப் போட்டி என்று மட்டும் போட்டிருந்தால் எந்த ஆண்டின் இறுதிப் போட்டி என்று உறுதி செய்துகொண்டு பதிவு (ரெக்கார்டிங்) போடுங்கள்.

டிவியைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பழைய ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை என்று சொல்பவர்கள் வீட்டில் பாதிக் குற்றவாளி டிவிதான்.

முதலில் படத்தின் அகலம். பழைய ஒளிபரப்புகள் 4:3 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய டிவி 16:9. டிவியைத் தானியங்கி நிலையில் விட்டுவிட்டால் சில நேரம் படத்தை இருபக்கமும் இழுத்து நிரப்பிவிடும். வீரர்கள் குட்டையாகவும் பருமனாகவும் தெரிவார்கள், பந்து முட்டை வடிவில் உருளும். ரிமோட்டில் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்ற இடத்துக்குப் போய் 4:3 அல்லது ஒரிஜினல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும். ஜூம் வைத்துப் பட்டையை மறைத்தால் படத்தின் மேலும் கீழும் வெட்டுப்படும். உயரே எழும் பந்தும் அடியில் எழுதிய ஸ்கோரும் அதோடு போய்விடும். சில சேனல்கள் தாங்களே வெட்டி அகலப்படுத்தி அனுப்புகின்றன. அதற்கு நம் பக்கம் மருந்து இல்லை.

அடுத்தது மோஷன் ஸ்மூதிங். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத ஒரு படத்தை டிவி தானே கற்பனை செய்து செருகும் வசதி இது. புதிய, தெளிவான படத்தில் ஓரளவு ஒப்பேறும். பழைய டேப்பிலிருந்து வரும் படத்தில் பந்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறி, பந்தையே விழுங்கிவிடும். அணைத்துவிடுங்கள். ஷார்ப்னஸையும் குறையுங்கள், கூட்டினால் வீரர்களைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கடைசி நிலைக்குக் கொண்டுபோனால் பார்வையாளர் கூட்டம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும்.

இதற்குமேல் ஒரு கணக்கு இருக்கிறது. பழைய ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறைப் படம் டிஜிட்டலாக்கப்படும்போது 720 × 576 புள்ளிகள், அதாவது சுமார் நான்கு லட்சம். 4கே டிவியில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளியிலிருந்து இருபது புள்ளிகளை டிவி ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. எந்த அமைப்பை மாற்றினாலும் இந்த இடைவெளி போகாது. நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டு உட்காருங்கள். செலவில்லாத வைத்தியம் அதுதான்.

பந்துக்குப் பின்னால் அதன் நிழல்போல் இன்னொரு பந்து ஓடினால் டிவி பழுதாகிவிட்டது என்று பதற வேண்டாம். பழைய தொலைக்காட்சி ஒவ்வொரு படத்தையும் இரண்டு அரைப்படங்களாக அனுப்பியது. நொடிக்கு ஏறக்குறைய 60 அரைப்படங்கள் கொண்ட அமெரிக்க முறையில் பதிவான ஆட்டத்தை 50 அரைப்படங்கள் கொண்ட ஐரோப்பிய முறைக்கு மாற்றும்போது, அல்லது எதிர்த்திசையில் மாற்றும்போது, அப்படி ஆவதுண்டு. அந்த வடு டேப்பிலேயே பதிந்திருக்கும்.

எந்த ஆட்டத்தில் தொடங்கலாம்?

உங்களுக்குத் தெரிந்த விளையாட்டில், உங்களுக்குத் தெரியாத ஆட்டத்தில். தெரியாத விளையாட்டை மங்கலான படத்தில் கற்றுக்கொள்வது வீண் சிரமம். அதேபோல, நூறு முறை பார்த்த வெற்றியையே மறுபடி பார்த்தால் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

காலத்தைப் பொறுத்தவரை 1980களிலிருந்து தொடங்குவது நல்லது. வண்ணப் படம், ஓரளவு நல்ல ஒலி, போதுமான கேமராக்கள். பழகியபின் பின்னோக்கிப் போகலாம். வண்ணத்தில் நேரடியாக ஒளிபரப்பான முதல் கால்பந்து உலகக் கோப்பை 1970இல் மெக்சிகோவில் நடந்தது. ஆனாலும் அன்று பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். அந்தத் திரையில் பந்து எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் போட்டிக்குக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட டெல்ஸ்டார் பந்து வந்தது. டென்னிஸ் பிரியர்கள் 1980 விம்பிள்டன் இறுதியில் இறங்கலாம். போர்க்கும் மெக்கன்ரோவும் நான்காவது செட்டின் டைபிரேக்கை 18–16 வரை இழுத்தார்கள். மரச்சட்டம் போட்ட மட்டைகள், புல்லின் மேல் வெள்ளைப் பந்து. விம்பிள்டனில் மஞ்சள் பந்து 1986இல்தான் வந்தது. ஏன் மாற்றினார்கள் என்பது பத்து நிமிடம் பார்த்தாலே விளங்கிவிடும்.

முடிவைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது

இது முடியாத காரியம் அல்ல. கவனம் மட்டும் வேண்டும். பகையாளி பெரும்பாலும் சேனலேதான்: நிகழ்ச்சிக் குறிப்பில் ‘மறக்க முடியாத வெற்றி’ என்று எழுதி வைத்துவிடும். தலைப்பைப் பார்த்ததும் பதிவு போட்டுவிட்டு விலகிவிடுங்கள், குறிப்பைத் திறக்காதீர்கள். ஆட்டத்துக்கு முன் வரும் அறிமுகத்தையும் ஓட்டிவிடுங்கள். கோப்பையைத் தூக்கும் காட்சியோடுதான் அது பெரும்பாலும் தொடங்கும். வீரர்களின் பெயரைத் தேடுவதென்றால் ஆட்டம் முடிந்தபிறகு.

ஒதுக்கிய நேரமே சில சமயம் காட்டிக்கொடுக்கும். டென்னிஸ் ஆட்டத்துக்கு நான்கரை மணி நேரம் போட்டிருந்தால் ஐந்து செட் போகும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நாக் அவுட் கால்பந்துக்கு மூன்று மணி நேரம் என்றால் பெனால்டி வரை போகிறது என்று பொருள். இதைத் தவிர்க்க வழியில்லை. யார் ஜெயிக்கிறார் என்பதாவது மறைந்திருக்கிறதே என்று தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். முடிவு ஏற்கெனவே தெரிந்த ஆட்டம் என்றால், தோற்ற அணியின் பக்கம் நின்று பாருங்கள். எந்த இடத்தில் பிடி நழுவியது என்று தேடிக்கொண்டே போனால் நேரம் போவது தெரியாது.

அந்த ஆண்டின் விதிகள்

உட்காரும் முன் ஐந்து நிமிடம் இதற்குச் செலவிடுங்கள். இல்லாவிட்டால் ஆட்டம் நெடுக நடுவரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கால்பந்தில் 1992 வரை, சக வீரர் காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்கலாம். ஒரு கோல் முன்னிலை கிடைத்ததும் பந்தைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பொழுதைக் கழிக்கும் காட்சி அந்தக் காலத்து ஆட்டங்களில் தாராளமாக உண்டு. கிரிக்கெட்டில் 1975, 1979, 1983 உலகக் கோப்பைகள் 60 ஓவர், வெள்ளை உடை, சிவப்புப் பந்து. 50 ஓவர் வந்தது 1987இல். வண்ண உடையும் வெள்ளைப் பந்தும் உலகக் கோப்பைக்குள் வந்தது 1992இல். ரன் அவுட்டுக்கு மூன்றாவது நடுவரைக் கேட்பது 1992 நவம்பரில் டர்பன் டெஸ்டில் தொடங்கியது. அப்படி வெளியேறிய முதல் பேட்ஸ்மேன் சச்சின் டெண்டுல்கர். அதற்கு முந்தைய ஆட்டத்தில் ‘மூன்றாவது நடுவரைக் கேட்டிருக்கலாமே’ என்று கேட்பதில் அர்த்தமில்லை. டேபிள் டென்னிஸில் 2001க்கு முன்பு ஒரு கேம் 21 புள்ளி. அமெரிக்க என்பிஏ கூடைப்பந்தில் மூன்று புள்ளிக் கோடு 1979–80 பருவத்தில்தான் வரையப்பட்டது.

பார்க்கும்போது

ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் வையுங்கள். திரை மூலையில் ஸ்கோரும் நேரமும் நிரந்தரமாகத் தெரிவது, 1992இல் பிரிட்டனின் ஸ்கை தொலைக்காட்சி கால்பந்தில் புகுத்திய பழக்கம். அதற்கு முந்தைய ஆட்டங்களில் வர்ணனையாளர் சொன்னால்தான் உண்டு, அல்லது எப்போதாவது எழுத்தில் போட்டால் உண்டு. நடுவில் எழுந்துபோய் வந்தால் எத்தனையாவது நிமிடம் என்றே தெரியாது. நீங்களே குறித்துக்கொள்ளத் தொடங்கினால் கவனமும் தானாக வந்துவிடும்.

கேமரா எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். கிரிக்கெட்டில் பல காலம் மைதானத்தின் ஒரு முனையில் மட்டும்தான் முதன்மைக் கேமரா. ஓர் ஓவர் முழுக்கப் பந்துவீச்சாளரின் முதுகு, அடுத்த ஓவர் முழுக்க பேட்ஸ்மேனின் முதுகு. ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி அதிபர் கெர்ரி பேக்கர் 1977இல் தொடங்கிய உலகத் தொடர் கிரிக்கெட்டில்தான் இரு முனைகளிலும் கேமராவை நிறுத்தினார்கள். மற்றவர்கள் உடனே பின்பற்றிவிடவில்லை. எல்பிடபிள்யூ முடிவுகளைப் பற்றிப் பழைய ரசிகர்கள் இன்றும் சண்டை போடுவதன் ரகசியம் இதில் பாதி இருக்கிறது.

ரீப்ளே இல்லாத ஆட்டம் கிடைத்தால் விடாதீர்கள். ஆட்டத்தின் நடுவிலேயே உடனடி ரீப்ளேயை முதலில் காட்டியது 1963 டிசம்பர் 7 அன்று, அமெரிக்காவின் ராணுவ, கடற்படைக் கல்லூரிகளுக்கு இடையேயான அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில். டோனி வெர்னா என்ற இயக்குநரின் வேலை. ஒரே காட்சி இரண்டாம் முறை வந்ததும் பார்ப்பவர்கள் குழம்பிவிடக் கூடாதே என்று, ராணுவ அணி மறுபடி புள்ளி எடுத்துவிடவில்லை, இது நேரடிக் காட்சி அல்ல என்று வர்ணனையாளர் விளக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆட்டங்களில் கண் சிமிட்டினால் போனது போனதுதான். ரீப்ளே வருமென்று சோம்பியிருக்கும் நம் கண்ணுக்கு இது நல்ல பயிற்சி.

வர்ணனையின் ஒலியைக் குறைக்காதீர்கள். அன்றைய வர்ணனையாளருக்கு அடுத்த நொடி என்ன நடக்கும் என்று தெரியாது. பின்னாளில் பெரும் பெயரெடுத்த ஒரு வீரரைப் பற்றி, யாரோ ஒரு பையன் என்ற தோரணையில் இரண்டு வரி சொல்லிவிட்டுக் கடந்துபோவார். அதைக் கேட்பதற்காகவே சில ஆட்டங்களைப் பார்க்கலாம். புதிய வர்ணனை சேர்த்து ஒளிபரப்பினால், பழைய ஒலிக்கு மாறும் வசதி செட்டாப் பாக்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தேடியும் கிடைக்காத ஆட்டங்கள்

சில ஆட்டங்களை எந்தச் சேனலும் காட்டாது, ஏனென்றால் அவை எங்குமே இல்லை. 1983 ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் என்ற நிலையிலிருந்து கபில்தேவ் அடித்த 175ஐக் கேமராவில் யாரும் பிடிக்கவில்லை. 1962இல் என்பிஏ கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளி எடுத்ததற்கும் வானொலி ஒலித்துணுக்குதான் சாட்சி.

பிடித்தும் அழிந்தவை இன்னொரு கூட்டம். 1956இல் வந்த வீடியோ டேப் இரண்டு அங்குல அகலம், விலையோ கொள்ளை. ஒன்றை ஒளிபரப்பியதும் அதன் மேலேயே அடுத்ததைப் பதிவு செய்வது அன்றைய நடைமுறை. அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின் முதல் ஆட்டத்தை 1967இல் அமெரிக்காவில் இரண்டு நிறுவனங்கள் ஒளிபரப்பின, இரண்டுமே அழித்துவிட்டன. மாறாக, 1960 பேஸ்பால் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் தப்பியது பாடகர் பிங் கிராஸ்பியால். பிட்ஸ்பர்க் அணியின் பங்குதாரரான அவர், பதற்றம் தாங்காமல் பாரிஸில் இருந்துகொண்டு, தொலைக்காட்சித் திரையிலிருந்தே ஆட்டத்தைப் படச்சுருளில் எடுத்து வைக்க ஏற்பாடு செய்திருந்தார். அந்தச் சுருள்கள் 2009இல் அவர் வீட்டு ஒயின் நிலவறையில் கிடைத்தன. அடுத்த ஆண்டு எம்எல்பி நெட்வொர்க் அதை ஒளிபரப்பியது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய விஎச்எஸ் கேசட்டுகள் இருந்தால், அதில் ஒரு ஆட்டம் இருக்க வாய்ப்பிருந்தால், எடுத்தவுடன் பிளேயரில் போட்டுவிடாதீர்கள். கண்ணாடிப் பகுதி வழியாக டேப் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் தொட வேண்டாம். டேப்பும் கெடும், பிளேயரும் கெடும், தொழில்முறையாகச் சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் படத்தை ஓடவிடாமல் ஒரு முறை கடைசி வரை வேகமாகச் சுற்றி, திரும்பவும் தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டு, முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவாகும்படி ஏற்பாடு செய்யுங்கள். இரண்டாவது ஓட்டம் கிடைக்கும் என்று உறுதியில்லை. விளம்பரங்களையும் இடைவேளைப் பேச்சையும் வெட்டாதீர்கள், தேதியைக் கண்டுபிடிக்க அவைதான் உதவும். இணையத்தில் ஏற்றினால் உரிமையாளர் நீக்கச் சொல்லலாம். அரிதான ஆட்டம் என்று தோன்றினால் அந்தக் கிளப்புக்கோ விளையாட்டு அமைப்புக்கோ எழுதிக் கேளுங்கள். பதிவு முடிந்தாலும் கேசட்டைத் தூக்கி எறிய வேண்டாம். இதையெல்லாம் தொடங்கும் முன்பே கேசட்டின் முதுகுப்பக்கம் ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள். அதன்பின் யாரும் தவறுதலாக அதன் மேல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது.